இரண்டாவது பிரேக்

எட்டு வாரக் குட்டி. பெயர் உம்பர்.
உ வரிசையில் பிறந்த ஏழில் மூன்றாவது,
ஏதோ ஒரு பழுப்பு நிறத்தின் பெயர் என்றாள்
கூடையோடு வந்த மெரிடித்.
கோயிலில் பாட்டு வகுப்புக்குப் போன காது எனக்கு.
வானோர் என்றுதான் கேட்டது.
வானோர், வந்த ஐந்தாம் நிமிடம்,
வரவேற்பறைக் கம்பளத்தை நனைத்தார்.

சாட்ஸ்வொர்த்தில் பத்தொன்பது வருடமாகக்
கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன்.
இடப்பக்க இருக்கை. காலடியில் ஒரு பிரேக்.
ஸ்டியரிங் கிடையாது.
என் இருக்கைக்குப் பின்னால், தரையில்,
சுருண்டு படுக்கப் பழகியது உம்பர்.
கிளட்ச் உதறும்போதெல்லாம் மூக்கு நீண்டுவந்து
என் முழங்கையைத்தான் தேடும்,
ஓட்டுகிறவர் முழங்கையை அல்ல.

கற்றுக்கொடுத்தது கொஞ்சம். வேண்டாம் என்றதே அதிகம்.
குப்பைத்தொட்டியைக் கவிழ்க்கும் குரங்கைத் துரத்தாதே.
ஹடீடா கத்தினால் பதிலுக்குக் கத்தாதே.
காவடி நாளில் கோயில் வாசலெங்கும் தேங்காய்ச் சிதறல்,
ஒரு சில்லைக்கூட, என் தங்கமே, தொடாதே.
தொட்டது.
வாய்க்குள் விரலை விட்டு எடுத்தேன்.
பூசாரி சிரித்தபடி
இன்னொன்று உடைத்தார்.

ஞாயிறுதோறும் தம்பி மேகன் கேட்பான்:
"திருப்பிக் கொடுக்கப்போற நாய்க்கு
எதுக்குக்கா இவ்ளோ?"
ஓட்டக் கற்றவர் யாரும்
என்னை ஏற்றிக்கொண்டு திரிவதில்லை, மேகன்.

வார்விக் டாக்ஸி நிறுத்தம்.
ஹாரன், மக்காச்சோளப் புகை, காலுக்குக் கால் கூட்டம்.
இதற்குத்தான் கூட்டிவந்தேன்.
தலையில் முட்டைக்கோஸ் மூட்டையோடு வந்த ஓர் அம்மா
உம்பரைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.
மூட்டை அசையவில்லை. கண் மட்டும்.
என் வயதுக்காரி. எங்கள் இருவருக்கும் தெரியும்
எந்த வேனிலிருந்து, எந்தச் சீருடையின் கையிலிருந்து
அந்தக் காலத்து நாய்கள் அவிழ்த்துவிடப்பட்டன என்று.
"உட்கார்" என்றேன்.
உட்கார்ந்தது, வாலைக்கூட மடக்கி.
"மன்னிச்சுக்கோங்க, மா" என்றேன் அரைகுறை ஜூலுவில்.
ரொம்ப நேரம் பார்த்தார்.
தொடவில்லை. கடந்து போனார்.
மாதாந்திரப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'கூட்டத்தில் அமைதி' என்ற இடத்தில் டிக் போட்டேன்.

பதினான்காம் மாதம் மெரிடித்தின் வேன்.
ஏறியது. திரும்பிப் பார்க்கவில்லை.
அப்படித்தானே வளர்த்திருந்தேன்.
மறுநாள் கார் தரையை உறிஞ்சித் துடைத்தேன்;
மஞ்சள் முடி வந்துகொண்டே இருந்தது.
முதல் பாடத்துக்கு வந்த நோக்வாசி
"நாய் எங்கே, ஆன்ட்டி?" என்று கேட்டு
சிக்னலில் வண்டியை அணைத்துவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு போன்.
பார்க்கலாம். ஆனால் இறங்கக்கூடாது.
கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும், வாசனை போகும்.
மஸ்கிரேவ் சாலை, எதிர்ச்சாரி.
உரிமம் வாங்கிவிட்ட நோக்வாசிதான் ஓட்டிவந்தாள்.
பழக்கத்தில் நான் இடப்பக்கம் ஏறியிருந்தேன்.

வந்தார்கள்.
உம்பருக்குத் தோள் அகன்றிருந்தது. முதுகில் கைப்பிடி.
பிடித்திருந்தவர் ம்சோமி என்று ஒருவர்,
பள்ளியில் பாட்டுச் சொல்லித்தருகிறவராம்.
நடைபாதை விளிம்பு.
விளக்கு அவர்களுக்குத்தான் பச்சை.
"போ" என்று அவர் உதடு அசைந்தது.
சிவப்பைத் தாண்டி ஒரு மினிபஸ்.

உம்பர் போகவில்லை.
சொன்ன சொல் கேளாமல் குறுக்கே திரும்பி
அவர் முழங்காலில் தன் உடம்பைச் சாய்த்து நின்றது.
அதை நான் கற்றுக்கொடுக்கவில்லை.

மினிபஸ் மறைந்தது. மறுபடி உதடு அசைந்தது.
போனார்கள், அவசரமில்லாமல்.

"ஆன்ட்டி" என்றாள் நோக்வாசி,
"காலை எடுங்க."
குனிந்து பார்த்தேன்.
இரண்டாவது பிரேக்
அடிவரை மிதிபட்டிருந்தது.
எஞ்சின் அணைத்து
அரை மணி ஆகியிருந்தது.